ஜாவா யூனிட் டெஸ்டில் சூழல் மாறிகளை எப்படிக் கையாள்வது?

2024 மார்ச் 1ஆம் தேதி மலேசியாவில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் ஆகிய சேவைகளுக்குப் பழைய 6 விழுக்காடே நீடித்தது; அன்று புதிதாக வரிக்குள் வந்த தளவாடச் சேவைக்கும் 6 விழுக்காடுதான். கோலாலம்பூரில் கட்டணப் பட்டியல் அனுப்பும் மென்பொருள்களைப் பராமரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது முதல் பார்வையில் மிக எளிய வேலையாகத் தெரிந்தது. வரி விகிதம் நிரலுக்குள் எழுதப்படாமல் சூழல் மாறியாக, அதாவது நிரல் தொடங்கும்போது அதற்குத் தரப்படும் பெயரும் மதிப்புமாக, வெளியிலிருந்து வந்ததால், சேவையகத்தில் ஒரு மதிப்பைத் திருத்தி நிரலை மறுபடி இயக்கினால் போதும். 250 ரிங்கிட் மென்பொருள் பராமரிப்புக் கட்டணத்திற்கு அதுவரை 15 ரிங்கிட்டாக இருந்த வரி அன்றிலிருந்து 20 ரிங்கிட்டாகிவிடும். அப்படித்தான் ஆகும் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய, நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் ஒன்றை எழுத முயன்றபோதுதான் பழைய கேள்வி திரும்பவும் எழுந்தது: ஜாவாவில் ஒரு சூழல் மாறியின் மதிப்பை டெஸ்டுக்குள்ளிருந்து எப்படி மாற்றுவது?

"அக்கா, கெட்என்வியை எப்படி மாக் பண்றது?" என்று எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் அநேகமாக எல்லாருமே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கெட்என்வி என்பது சூழல் மாறியை வாசித்துத் தரும், சிஸ்டம் வகுப்பின் மெத்தட்; மாக் செய்வது என்றால் டெஸ்டுக்காக அதன் இடத்தில் ஒரு போலியை வைப்பது. அந்த மெத்தடை மாக் செய்யத் தேவையில்லாதபடி நிரலை எழுத வேண்டும் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் பதில். அதை ஒரு வரியில் சொன்னால் கட்டளை போலத்தான் ஒலிக்கும். காரணங்களைத் தெரிந்துகொண்டால் அவர்களே அந்த முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வரி விகிதம் உண்மையில் சூழல் மாறியில் இருக்க வேண்டிய ஒன்றன்று. எந்தத் தேதியிலிருந்து எந்தச் சேவைக்கு எந்த விகிதம் என்று தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக இருப்பதே முறை, ஏனெனில் பிப்ரவரியில் அனுப்பிய பட்டியலை ஏப்ரலில் மீண்டும் அச்சிட்டாலும் பழைய வரியே அதில் வர வேண்டும். இருந்தாலும் நடைமுறையில் பல நிறுவனங்கள் அதைச் சூழல் மாறியாகவே வைத்திருக்கின்றன. எல்லாருக்கும் எளிதில் புரிவதால் நானும் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கட்டண நுழைவாயிலின் முகவரி, காத்திருப்பு நேரம், கடவுச்சொல் போன்ற மற்றவற்றிற்கும் இதே விளக்கம் பொருந்தும்.

சூழல் மாறி என்பது 1979இல் வெளியான யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலிருந்து நம்மோடு இருந்துவரும் ஏற்பாடு. ஒரு செயல்முறை இன்னொன்றைத் தொடங்கும்போது, பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியலை அதனிடம் கொடுத்து அனுப்புகிறது. புதிய செயல்முறை தன் பட்டியலை மாற்றினாலும் தாய்ச் செயல்முறைக்கு அது தெரியாது. தாய் பிறகு செய்யும் மாற்றமும் சேய்க்குத் தெரியாது. ஜாவா நிரலை இயக்கும் மெய்நிகர் இயந்திரம் இந்தப் பட்டியலை ஒரே ஒரு முறைதான் வாசிக்கிறது. ஜாவா.லேங் தொகுப்புக்குள் வெளியாருக்குத் தெரியாமல் இருக்கும் பிராசஸ்என்விரான்மென்ட் என்ற வகுப்பு, தான் முதன்முதலில் ஏற்றப்படும்போது இயங்குதளம் தந்த பட்டியல் முழுவதையும் ஒரு மேப்பில் (பெயரும் மதிப்பும் கொண்ட அட்டவணையில்) நகலெடுத்து, மாற்ற முடியாத உறையால் அதை மூடிவிடுகிறது. அதன் பிறகு நாம் எத்தனை முறை கெட்என்வியை அழைத்தாலும் அந்த நகலிலிருந்துதான் பதில் வருகிறது. ஜாவாவின் சொந்த அமைப்பு மதிப்புகளான ப்ராப்பர்ட்டிகளை மாற்றச் சிஸ்டம் வகுப்பில் செட்ப்ராப்பர்ட்டி உண்டு; சூழல் மாறியை மாற்ற செட்என்வி கிடையாது.

இது மறதியால் நேர்ந்த குறை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. சி மொழியின் செட்என்வி, பல இழைகள் (நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) ஒரே நேரத்தில் இயங்கும் நிரலில் பாதுகாப்பானது அன்று. ஓர் இழை பட்டியலை வாசித்துக்கொண்டிருக்கும்போது இன்னோர் இழை அதை மாற்றினால் நிரலே விழுந்துவிடக்கூடும். ஜாவாவிலோ நாம் ஓர் இழையைக்கூடத் தொடங்காவிட்டாலும் குப்பை சேகரிப்பான், தொகுப்பான் ஆகியவற்றின் இழைகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜாவாவை வடிவமைத்தவர்களுக்குச் சூழல் மாறிகளின் மேலேயே ஒரு காலத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. ஜாவா 5க்கு முந்தைய சில பதிப்புகளில் கெட்என்வியை அழைத்தால், இனி அது ஆதரிக்கப்படாது, ப்ராப்பர்ட்டிகளைப் பயன்படுத்துங்கள் என்ற செய்தியோடு ஒரு பிழைதான் வந்து விழும். 2004இல் வந்த ஜாவா 5தான் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. இன்று கன்டெய்னர்கள் (நிரலை அதன் தேவைகளோடு சேர்த்துக் கட்டி இயக்கும் பெட்டிகள்) வழியாகவே எல்லாம் இயங்குவதாலும், அமைப்பு மதிப்புகளைச் சூழலில் வைக்கச் சொல்லும் பன்னிரு காரணி முறை 2011 முதல் பரவியிருப்பதாலும், சூழல் மாறி இல்லாத சேவையைக் காண்பதே அரிது. வாசிக்க வேண்டிய தேவை பெருகிவிட்டது, மாற்றும் வழி மட்டும் அன்றிருந்தது போலவே மூடியிருக்கிறது.

அந்த மூடிய கதவைத் திறக்கப் பலர் முதலில் நாடுவது மாக் செய்ய உதவும் மாக்கிட்டோ லைப்ரரியைத்தான். 2020இல் வந்த 3.4.0 பதிப்பிலிருந்து ஸ்டாட்டிக் மெத்தடுகளையும் அதில் மாக் செய்யலாம் என்பதால், சிஸ்டம் வகுப்பை அதன் மாக்ஸ்டாட்டிக் மெத்தடிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். அது உடனே மறுத்துவிடும். சிஸ்டம் வகுப்பின் ஸ்டாட்டிக் மெத்தடுகளை மாக் செய்தால் வகுப்புகளை ஏற்றும் பணியிலேயே அது தலையிட்டு முடிவில்லாச் சுழலில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று பிழைச் செய்தியே காரணத்தைச் சொல்லும். பவர்மாக் என்ற பழைய லைப்ரரி, கெட்என்வியை அழைக்கும் நம்முடைய வகுப்பின் பைட்கோடை (தொகுக்கப்பட்ட நிரலை) மாற்றி இதைச் சாதித்தது. ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட்டின் 4ஆம் பதிப்புக் காலத்துத் திட்டங்களில் அதை இன்னும் காணலாம். புதிய திட்டத்தில் அதைச் சேர்க்க எந்தக் காரணமும் இல்லை.

நிரல் இயங்கும்போதே வகுப்புகளின் உள்ளே புகுந்து பார்க்கவும் மாற்றவும் உதவும் ரிஃப்ளெக்ஷன் வழிதான் மிகவும் பரவியது, மிகவும் தொல்லை கொடுத்ததும் அதுதான். கெட்என்வி திருப்பித் தரும் மாற்ற முடியாத மேப்புக்குள் எம் என்ற ஓரெழுத்துப் பெயரில் ஒரு ஃபீல்டு இருக்கிறது. உறைக்குள் இருக்கும் உண்மையான மேப் அதுதான். அதை ரிஃப்ளெக்ஷனால் திறந்து, அணுகல் தடையை நீக்கி, நமக்கு வேண்டிய மதிப்பை உள்ளே வைத்துவிட்டால், அடுத்து கெட்என்வியை அழைப்பவருக்கு அந்த மதிப்பே கிடைக்கும். ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும் இந்த உத்தி ஜாவா 8 காலத்தில் எண்ணற்ற திட்டங்களுக்குள் நகலெடுத்து ஒட்டப்பட்டது.

எங்கள் குழுவுக்குக் கைமாறி வந்த பழைய திட்டம் ஒன்றிலும் அது இருந்தது. அப்போது ஜாவா 11 பயன்பாட்டில் இருந்தது; டெஸ்டுகள் லினக்ஸ் சேவையகத்தில் எச்சரிக்கை வரிகளோடு ஓடி, எல்லாம் பச்சையாக முடியும். பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த தம்பி ஒருவர் தம் விண்டோஸ் மடிக்கணினியில் அதே டெஸ்டுகளை ஓட்டியபோது, வரி விகிதம் இல்லை என்று அவை தோற்றன. மேப் முழுவதையும் அச்சிட்டுப் பார்த்தால் மதிப்பு உள்ளே இருக்கிறது. பெயரைச் சொல்லி கெட்என்வியிடம் கேட்டால் நல், அதாவது மதிப்பே இல்லை, என்று பதில் வருகிறது. அவர் பொறுமையாக ஜாவாவின் மூலநிரலைத் திறந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். விண்டோஸில் சூழல் மாறியின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. அதனால் விண்டோஸுக்கான பிராசஸ்என்விரான்மென்ட் வகுப்பு இரண்டு மேப்புகளை வைத்துக்கொள்கிறது: முழுப் பட்டியலைக் கேட்பவருக்கு ஒன்று, பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு எழுத்து வேறுபாடு பாராத இன்னொன்று. எம் என்ற ஃபீல்டின் வழியாக உள்ளே போனவர் முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறார், நிரலோ இரண்டாவதிடம் கேட்டுக்கொண்டிருந்தது. லினக்ஸில் இரண்டு கேள்விகளும் ஒரே மேப்புக்குப் போவதால் அங்கே எந்தச் சிக்கலும் தெரியவில்லை. வெளியாருக்கு எந்த வாக்குறுதியும் தராத ஓர் உள்ளமைப்பின் மேல் டெஸ்டைக் கட்டினால், இயங்குதளம் மாறும்போதே அது சரியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

அந்த உத்தியின் ஆயுளும் முடிந்துவிட்டது. 2017இல் ஜாவா 9, உள்ளமைப்பை வெளியாரிடமிருந்து மறைக்கும் மாட்யூல்களைக் கொண்டுவந்தபோது இப்படிப்பட்ட அணுகலுக்கு எச்சரிக்கை மட்டுமே வந்தது. 2021 மார்ச்சில் வந்த ஜாவா 16 அதை இயல்பாகவே மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜாவா 17, அந்த மறுப்பை ஒரேயடியாக அணைத்துவைக்க உதவிய கட்டளைவரி விருப்பத்தையும் எடுத்துவிட்டது. இப்போது ஜாவா.பேஸ் மாட்யூலின் தொகுப்புகளைப் பெயர் சொல்லித் திறந்துவிடும் ஆட்ஓப்பன்ஸ் விருப்பத்தைச் சேர்த்தால்தான் அந்த உத்தி வேலை செய்யும். இல்லாவிட்டால் இன்அக்சஸிபிள்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன் என்று நிற்கும். ஜாவா 8இலிருந்து 17க்கு மாற முயன்ற பல குழுக்கள், தங்கள் உண்மையான நிரல் எந்தத் தடையும் இல்லாமல் ஓட, டெஸ்டுகள் மட்டும் இந்தப் பிழையில் சிக்கி நிற்பதைப் பார்த்திருக்கின்றன.

இனி நான் பரிந்துரைக்கும் வழிக்கு வருகிறேன். வரியைக் கணக்கிடும் வகுப்புக்கு உண்மையில் என்ன தேவை? ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் ஏதோ ஒன்று, அவ்வளவுதான். ஜாவாவில் அதற்கு ஃபங்ஷன் என்ற இடைமுகம் ஏற்கெனவே இருக்கிறது: ஒரு ஸ்ட்ரிங்கை வாங்கிக்கொண்டு இன்னொரு ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தருவது. அமைப்பை வாசிக்கும் வகுப்பின் கன்ஸ்ட்ரக்டரில் (அந்த வகுப்பின் பொருளை உருவாக்கும் பகுதியில்) அதைக் கேட்டு வாங்குங்கள். நிரல் தொடங்கும் மெயின் மெத்தடில் சிஸ்டம்::கெட்என்வி என்ற மெத்தட் ரெஃபரன்ஸை அதனிடம் கொடுங்கள். டெஸ்டில் மேப்.ஆஃப்("சர்வீஸ்_டேக்ஸ்_ரேட்", "8")::கெட் என்று கொடுங்கள். மாக்கிட்டோ, ரிஃப்ளெக்ஷன், கூடுதல் லைப்ரரி எதுவும் வேண்டாம். மாறியே இல்லாத நிலையைச் சோதிக்க வேண்டுமென்றால் வெற்று மேப்பைக் கொடுத்தால் போதும். ஆயிரம் டெஸ்டுகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு இழைகளில் ஓடினாலும் ஒன்றின் மதிப்பு இன்னொன்றுக்குக் கசியாது, ஏனெனில் பொதுவான எதையும் எவரும் தொடவே இல்லை.

அடுத்த படியாக, அப்படி வாசித்த மதிப்புகளை நிரல் தொடங்கும்போதே ஒரு ரெக்கார்டுக்குள் (மதிப்புகளை மாற்ற முடியாதபடி சேர்த்து வைக்கும் சிறு வகுப்புக்குள்) வைத்துவிடுங்கள். அதில் வரி விகிதம் பிக்டெசிமலாகவும், காத்திருப்பு நேரம் டியூரேஷனாகவும், முகவரி யூஆர்ஐ ஆகவும் இருக்கட்டும். வரியைக் கணக்கிடும் வகுப்பு அந்த ரெக்கார்டை மட்டுமே அறிந்திருந்தால் போதும். சூழல் மாறி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரிய வேண்டியதில்லை. பராமரிப்புக் கட்டணத்திற்கு 8, வாகன நிறுத்துமிடத்திற்கு 6 என்று ஒரே பட்டியலில் இரண்டு விகிதங்கள் வரும் டெஸ்டை எழுதும்போது, அந்த இரண்டு எண்களையும் டெஸ்டின் முதல் வரியிலேயே வாசகர் காண்பார். அவை எங்கிருந்து வந்தன என்று தேடிப்போக வேண்டியதில்லை.

இப்படிப் பிரித்துவிட்ட பிறகுதான் சூழல் மாறியை வாசிக்கும் சிறு வகுப்பு எவ்வளவு கவனத்திற்குரியது என்பது தெரியவரும். மாறி இல்லாதிருப்பதும் வெறுமையாக இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு நல் வரும், இரண்டாவதற்கு வெற்று ஸ்ட்ரிங் வரும். வந்தது நல்தானா என்று மட்டும் பார்த்துவிட்டு இயல்பு மதிப்புக்குப் போகும் நிரல், வெற்று ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றப் போய் விழுந்துவிடும். லினக்ஸ் ஷெல்லில் ஒரு மாறிக்கு வெறுமையை மதிப்பாகக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யலாம். விண்டோஸின் கட்டளைத் திரையில் அதேபோல் செட் கட்டளைக்கு மதிப்புத் தராமல் விட்டால் அந்த மாறியே நீங்கிவிடும். ஆகவே விண்டோஸ் மடிக்கணினியில் வேலை செய்பவர் வெற்று ஸ்ட்ரிங் என்ற நிலையைத் தம் கண்ணால் காணாமலே இருந்துவிடக்கூடும்.

இன்னொன்று வரி முறிப்புக் குறி. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் ரகசிய மதிப்புகளை வைக்கும் சீக்ரெட்டுக்காக ஒரு மதிப்பை எக்கோ கட்டளையால் பேஸ்64 குறியீட்டுக்கு அனுப்பினால், எக்கோ தானாகச் சேர்க்கும் வரி முறிப்பும் மதிப்போடு சேர்ந்து போய்விடும். திரையில் அச்சிட்டுப் பார்த்தால் 8 என்றுதான் தெரியும், ஆனால் எண்ணாக மாற்ற முயலும்போது நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன் வரும். கடவுச்சொல்லாக இருந்தால் அந்தப் பிழைகூட வராது, மறுமுனை மட்டும் அனுமதி மறுக்கும். ஆகவே இந்தச் சிறு வகுப்புக்கு நான் எழுதும் டெஸ்டுகளில் இல்லாத மதிப்பு, வெற்று மதிப்பு, முன்னும் பின்னும் இடைவெளியுள்ள மதிப்பு, இறுதியில் வரி முறிப்புள்ள மதிப்பு, விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்த மதிப்பு, எதிர்மறை எண் ஆகியவை கட்டாயம் இருக்கும். ஃபங்ஷன் ஒன்றைக் கையில் கொடுக்க முடிகிறது என்பதால் ஒரே டெஸ்டை வெவ்வேறு மதிப்புகளோடு ஓட்டும் ஜேயூனிட்டின் பாராமீட்டரைஸ்டு டெஸ்ட் ஒன்றிலேயே இவை அனைத்தும் அடங்கிவிடும். சூழலையே மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டியிருந்தால் இத்தனையையும் எழுத யாருக்கும் மனம் வராது.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பல நிரல்களில் சூழல் மாறியை ஒரு ஸ்டாட்டிக் ஃபைனல் ஃபீல்டில் வாசித்து வைத்துவிடுவார்கள். எழுதும்போது அது அழகாக இருக்கும். ஒரு மாறிலி போலவே தோன்றும். அந்த வகுப்பு மெய்நிகர் இயந்திரத்தில் முதல்முறை பயன்படும் கணத்தில் அதன் மதிப்பு நிலைபெற்றுவிடுகிறது, அதன் பிறகு எந்த லைப்ரரியைக் கொண்டு சூழலை மாற்றினாலும் அந்த ஃபீல்டு அசையாது. ஜாவா திட்டங்களைக் கட்டும் கருவியான மேவனின் ஷ்யூர்ஃபயர் செருகுநிரல், நாம் வேறாகச் சொல்லாவிட்டால், ஒரே ஒரு மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்கி அதிலேயே எல்லா டெஸ்ட் வகுப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறது. எனவே எந்த டெஸ்ட் வகுப்பு முதலில் ஓடுகிறதோ அது கண்ட மதிப்புதான் மற்ற எல்லாருக்கும். தனியாக ஓட்டினால் வெற்றி பெறும் டெஸ்ட், முழுத் தொகுப்போடு ஓட்டினால் தோற்பதற்கும், ஒருவருடைய கணினியில் ஒருவிதமாகவும் இன்னொருவருடையதில் வேறுவிதமாகவும் முடிவு வருவதற்கும் நான் கண்ட காரணங்களில் இதுவே முதன்மையானது. அப்படிப்பட்ட ஃபீல்டைக் கண்டால், அந்த வகுப்பில் வேறு எதைத் தொட வந்திருந்தாலும், முதலில் அதைக் கன்ஸ்ட்ரக்டருக்கு நகர்த்திவிடுங்கள்.

நிரலை மாற்றும் உரிமை நமக்கு இல்லாத இடங்களும் உண்டு. அமேசானின் மேகச் சேவைகளை அழைக்க உதவும் ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே போன்றவை வட்டாரம், அணுகல் சாவி ஆகியவற்றைச் சூழல் மாறிகளிலிருந்து தாமாகவே வாசிக்கும் வழக்கமுடையவை. அத்தகைய இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது, அந்த லைப்ரரி வேறு வழியில் மதிப்பை ஏற்குமா என்பதே, பெரும்பாலும் ஏற்கும். ஏற்காவிட்டால், டெஸ்டுகளை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம் பிறக்கும்போதே மாறியைக் கொடுத்துவிடலாம். ஷ்யூர்ஃபயரின் அமைப்பிலும், மேவனைப் போன்ற இன்னொரு கருவியான கிரேடிலின் டெஸ்ட் பணியிலும் இதற்கு நேரடியான வசதி இருக்கிறது. இது முழுக்க நேர்மையான முறை: எந்த உள்ளமைப்பையும் உடைக்காமல், நிரல் உண்மையில் இயங்கும் விதத்திலேயே மதிப்பு வந்து சேருகிறது. அந்த இயந்திரத்தில் ஓடும் எல்லா டெஸ்டுகளுக்கும் ஒரே மதிப்புதான் என்பது அதன் எல்லை.

டெஸ்டுக்கு டெஸ்ட் மதிப்பு மாறியே ஆக வேண்டும், நிரலையும் தொட முடியாது என்ற நிலையில் சிஸ்டம் ஸ்டப்ஸ், ஜேயூனிட் பயனியர் ஆகிய லைப்ரரிகளைப் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஜேயூனிட் பயனியரில் ஒரு டெஸ்டின் தலைமேல் செட்என்விரான்மென்ட்வேரியபிள் என்ற குறிப்பை வைத்தால், அந்த டெஸ்ட் ஓடும்வரை மாறி அமைக்கப்பட்டு, முடிந்ததும் பழைய நிலை மீட்கப்படுகிறது. டெஸ்டுகள் இணையாக ஓடினால் ஒன்றையொன்று மிதிக்காதபடி பூட்டும் போடுகிறது. அது உள்ளே செய்வதும் ரிஃப்ளெக்ஷன்தான் என்பதால் ஆட்ஓப்பன்ஸ் விருப்பம் அதற்கும் வேண்டும். ஐந்து வரிகளை நாமே எழுதி ஒட்டுவதைவிட, விண்டோஸின் இரட்டை மேப்பையும் மீட்பையும் பூட்டையும் யோசித்துப் பராமரிக்கப்படும் ஒன்றை நம்புவது மேல். ஆனால் இவை எல்லாமே ஜாவாவின் பார்வையை மட்டும்தான் மாற்றுகின்றன. ஜாவா பிற மொழி நிரல்களோடு பேசும் ஜேஎன்ஐ வழியாக அழைக்கப்படும் ஒரு சி லைப்ரரி தன் கெட்என்வியை அழைத்தால் பழைய மதிப்பையே காணும்.

இதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் உதாரணம் உண்டு. டிஇசட் என்பதும் ஒரு சூழல் மாறிதான். லினக்ஸில் ஜாவா தன் இயல்பான நேர மண்டலத்தை முடிவுசெய்யும்போது முதலில் அதைப் பார்க்கிறது. அதைப் பார்ப்பது இயங்குதளத்தோடு பேசும் உள்நிரல், அதுவும் ஒரே முறைதான், பிறகு விடையைச் சேமித்துக்கொள்கிறது. ஆகவே டெஸ்டுக்குள்ளிருந்து ரிஃப்ளெக்ஷனால் டிஇசட்டை மாற்றியவருக்கு, கெட்என்வி புதிய மதிப்பைச் சொல்லும், கடிகாரம் மட்டும் பழைய மண்டலத்திலேயே இருக்கும். கன்டெய்னர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் இயங்குகின்றன. கோலாலம்பூரில் 2024 மார்ச் 1 பிறந்த நள்ளிரவு, யூடிசியில் பிப்ரவரி 29 மாலை 4 மணி. மண்டலத்தைச் சொல்லாமல் லோக்கல்டேட்.நவ் என்று மட்டும் அழைத்து, தேதியைப் பார்த்து வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் நிரல் அத்தகைய கன்டெய்னரில் ஓடினால், மார்ச் 1 காலை 8 மணிவரை எல்லாருக்கும் பழைய 6 விழுக்காட்டையே போட்டிருக்கும். எழுதியவரின் மடிக்கணினியில் நேரம் மலேசிய நேரம் என்பதால் அங்கே எந்த டெஸ்டும் தோற்றிருக்காது.

இதற்கும் தீர்வு அதே வகையைச் சேர்ந்ததுதான். 2014இல் ஜாவா 8உடன் வந்த ஜாவா.டைம் தொகுப்பு கிளாக் என்ற வகுப்பைத் தந்தபோது, இப்போது மணி என்ன என்ற கேள்வியையும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய பொருளாக்கிவிட்டது. ஏசியா/கோலாலம்பூர் மண்டலத்தோடு ஒரு கிளாக்கை மெயினில் உருவாக்கிக் கொடுங்கள். டெஸ்டில் கிளாக்.ஃபிக்ஸ்ட் மூலம் பிப்ரவரி 29 மாலை 3 மணி 59 நிமிடத்தையும் 4 மணியையும் யூடிசியில் கொடுத்து, வரி 15 ரிங்கிட்டிலிருந்து 20 ரிங்கிட்டாக மாறுகிறதா என்று பாருங்கள். மண்டலத்தின் பெயரைக் கொடுக்காமல் கூட்டல் 8 மணி என்று எழுதிவிடுவோரும் உண்டு. தீபகற்ப மலேசியா 1982 தொடங்கும்வரை யூடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது; பழைய பதிவுகளின் நேரங்களைக் கையாளும் நிரலில் அந்த அரை மணி நேரம் ஒருவரின் பிறந்த தேதியையே மாற்றிவிடக்கூடும்.

ஜாவா நிரல்களுக்கான கட்டமைப்பான ஸ்பிரிங்கைப் பயன்படுத்துபவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. ஸ்பிரிங்கின் என்விரான்மென்ட் என்ற இடைமுகம் நான் மேலே சொன்ன ஃபங்ஷனின் விரிந்த வடிவமே. அதற்கு மாக்என்விரான்மென்ட் என்று தயாரான பதிலியும் இருக்கிறது. ஸ்பிரிங் பூட்டில் அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பைவிடச் சூழல் மாறிக்கே முன்னுரிமை என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் ஷெல்லில் என்றோ எக்ஸ்போர்ட் செய்து விட்டுவைத்த ஒரு மாறி, கோப்பில் நீங்கள் எழுதிய மதிப்பை டெஸ்டின்போது சத்தமில்லாமல் மூடிவிடும். டெஸ்டின் தலைமேல் வைக்கும் டெஸ்ட்ப்ராப்பர்ட்டிசோர்ஸ் குறிப்பில் கொடுக்கும் மதிப்பு இரண்டையும் விட மேலே நிற்பதால், டெஸ்ட் சார்ந்திருக்கும் மதிப்புகளை அங்கேயே வெளிப்படையாக எழுதிவிடுவது பாதுகாப்பு.

இப்படியெல்லாம் செய்தால் கன்ஸ்ட்ரக்டர்கள் நீண்டுவிடும் என்று எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் வாதிட்டார். "ஒரு வரியில் கெட்என்வி என்று எழுதினால் முடிவதை ஏன் ஐந்து வகுப்புகள் வழியாகக் கொண்டுபோக வேண்டும்?" என்பது அவர் கேள்வி. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஐந்து வகுப்புகள் வழியாக ஒரு மதிப்பு கைமாறுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்த ஐந்து வகுப்புகளும் அந்த மதிப்பைச் சார்ந்துதான் இருக்கின்றன. கெட்என்வியை உள்ளே ஒளித்துவைத்தால் சார்பு குறைந்துவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அவ்வளவு வகுப்புகளுக்கு ஒரே மதிப்பு தேவைப்படுகிறது என்றால், அவற்றில் சில அந்த மதிப்பை அறியாமலே தம் வேலையைச் செய்ய முடியுமா என்று பார்ப்பது பயனுள்ளது. அவரோடு உட்கார்ந்து நாங்கள் பார்த்த திட்டத்தில், விகிதத்தை வாங்கிக்கொண்டிருந்த வகுப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை அதை அடுத்தவருக்குக் கொடுப்பதற்காக மட்டுமே வைத்திருந்தன. கணக்கிடும் வகுப்பையே வெளியில் உருவாக்கிக் கொடுத்ததும் அந்தக் கன்ஸ்ட்ரக்டர்கள் முன்பிருந்ததைவிடச் சிறியவையாயின.

குழுவில் அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகும் பழக்கம் மாறச் சிறிது காலம் ஆகும் என்பதால், இதை நாங்கள் நிரலின் கட்டமைப்பு விதிகளைச் சோதிக்கும் ஆர்க்யூனிட் லைப்ரரியைக் கொண்டு ஒரு டெஸ்டாகவே எழுதி வைத்திருக்கிறோம். அமைப்புக்கென்று இருக்கும் ஒரு தொகுப்பைத் தவிர வேறெங்கிருந்தும் சிஸ்டம் வகுப்பின் கெட்என்வியை அழைக்கக் கூடாது என்பதே அந்த விதி. கெட்என்விக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, பெயரை வாங்கிக்கொள்வது ஒன்று, எதையும் வாங்காமல் முழு மேப்பையும் தருவது இன்னொன்று. விதியில் இரண்டையும் சேர்க்க வேண்டும். பழைய திட்டத்தில் இதைப் புகுத்தும் நாளன்றே எல்லா மீறல்களையும் திருத்த வேண்டியதில்லை. ஃப்ரீசிங்ஆர்க்ரூல் என்ற உறைக்குள் விதியை வைத்தால், இன்றுள்ள மீறல்களை அது ஒரு கோப்பில் குறித்துக்கொண்டு, புதிதாக ஒன்று சேரும்போது மட்டும் டெஸ்டைத் தோற்கடிக்கும். பழையதைத் திருத்தத் திருத்தக் கோப்பிலிருந்து அவற்றை நீக்கிவிடும். அந்தக் கோப்பையும் நிரலோடு சேர்த்தே, அதன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேமித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொருவர் கணினியிலும் கணக்கு வேறாக இருக்கும்.